நான் திறந்தது எந்த ஃபைல்?

சொல்லி வைத்தாற்போல் இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் ஏஎஸ்/400-இன் ஓவிஆர்டிபிஎஃப் கட்டளையையே சுற்றுகின்றன. ஆகவே இந்த இதழின் பகுதி முழுக்க அதற்கே. இண்டெக்ஸ் பற்றிக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பச்சைத்திரை ரசிகன், அம்பத்தூர்

கே: ஏஎஸ்/400 என்ற பெயரே வழக்கொழிந்துவிட்டது. இன்னுமா அதற்கு ஒரு கேள்வி-பதில்?

ப: 1988 ஜூன் 21 அன்று ஏஎஸ்/400 என்று அறிவித்தார்கள். 2000-இல் ஐசீரிஸ் ஆனது. 2006-இல் சிஸ்டம் ஐ. 2008 முதல் பவர் இயந்திரத்தின் மேல் ஐபிஎம் ஐ. பெயருக்குத்தான் திரும்பத் திரும்ப ஓவர்ரைடு போட்டார்கள். உள்ளே திறப்பது அதே ஃபைல்தான். பெயர் ஒழிந்த இயந்திரத்தைப் பற்றி மெனக்கெட்டுக் கடிதம் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் சம்பளமும் அதிலிருந்துதான் வருகிறதோ?

புதிதாகச் சேர்ந்தவர், சிறுசேரி

கே: ஓவர்ரைடு என்றால் என்ன என்று டீம் லீடிடம் கேட்டேன். "ஃபைலை மாத்துறது" என்று சொல்லிவிட்டு மீட்டிங் போய்விட்டார். எதை மாற்றுகிறது?

ப: ஃபைலில் ஒரு பைட்டைக்கூட மாற்றாது. டிஸ்கில் இருப்பது இருந்தபடி இருக்கும். உங்கள் ஆர்பிஜி புரோகிராம் 'விற்பனை' என்ற பெயரில் ஒரு ஃபைலைத் திறக்கப் போகிறது என்று வையுங்கள். திறக்கும் அந்த நேரத்தில் சிஸ்டம் கேட்கும்: இந்தப் பெயருக்கு யாராவது ஏதாவது சொல்லி வைத்திருக்கிறார்களா? முன்னாலேயே ஒரு சிஎல் புரோகிராம் 'விற்பனை என்று கேட்டால் ஜனவரி மெம்பரைக் கொடு' என்று ஓவர்ரைடு போட்டிருந்தால், ஜனவரி மெம்பர் திறக்கும். 'சோதனை லைப்ரரியில் இருக்கும் ஃபைலைக் கொடு' என்று போட்டிருந்தால் அது திறக்கும். ஆர்பிஜி புரோகிராமுக்கு இந்த மாற்றம் எதுவும் தெரியாது.

இதில் கவனிக்க வேண்டியது, பொருத்தம் பார்ப்பது பெயரை மட்டும் வைத்து. எந்தப் புரோகிராம் கேட்கிறது என்று சிஸ்டம் பார்ப்பதில்லை. நீங்கள் ஒரு அறிக்கைப் புரோகிராமுக்காகப் போட்ட ஓவர்ரைடு, அந்தப் புரோகிராம் அழைக்கும் வரிக் கணக்குப் புரோகிராமுக்கும் செல்லும், அதுவும் 'விற்பனை'யைத் திறந்தால். அந்த வரிக் கணக்குப் புரோகிராமை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருப்பார். கீழே வரும் கேள்விகள் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தின் விளைவுகள்.

சிஎல் பிரியர், கோவை

கே: ஓவிஆர்ஸ்கோப் என்று ஒரு பாராமீட்டர் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அதை நான் தொட்டதே இல்லை. ஏதாவது இழந்தேனா?

ப: நீங்கள் தொடாததால் அது சும்மா இருக்கிறது என்று நினைக்காதீர்கள். நீங்கள் எழுதாவிட்டால் சிஸ்டம் அங்கே 'ஸ்டார் ஆக்ட்குரூப்டெஃப்ன்' என்று வைத்துக்கொள்ளும். 'ஆக்டிவேஷன் குரூப்பைப் பார்த்து முடிவு செய்' என்று அர்த்தம். ஆக்டிவேஷன் குரூப் என்பது ஒரே ஜாபுக்குள் புரோகிராம்கள் ஓடும் தனி அறை. முடிவு இப்படிப் போகும்: கட்டளையைப் போடும் புரோகிராம் டிஃபால்ட் ஆக்டிவேஷன் குரூப்பில் ஓடினால், ஓவர்ரைடு அந்தக் கால் லெவலுக்கு மட்டும். அந்தப் புரோகிராமும் அது அழைப்பவையும் பார்க்கும். அது திரும்பியதும் ஓவர்ரைடு தானாக மறையும். வேறு ஆக்டிவேஷன் குரூப்பில் ஓடினால், ஓவர்ரைடு அந்த குரூப் முழுவதற்கும். அந்த குரூப் முடியும்வரை இருக்கும். புரோகிராம் திரும்பிப் போனாலும் போகாது.

ஆக, சோர்ஸில் அதே வரி. ஒருவர் சிஆர்டிபிஎன்டிசிஎல் கட்டளையைச் சும்மா அடித்து எண்டர் தட்டினால் டிஃபால்ட் குரூப். ஓவர்ரைடுக்கு ஆயுசு குறைவு. அடுத்தவர் அதையே டிஃபால்ட் குரூப் வேண்டாம் என்று கம்பைல் செய்தால் ஆயுசு நீளம். சோர்ஸை வரி வரியாக ஒப்பிட்டாலும் வித்தியாசம் தெரியாது.

இதைவிட வேடிக்கை, ஆக்டிவேஷன் குரூப் 'ஸ்டார் காலர்' என்று கம்பைல் செய்த சிஎல். ஒரே ஆப்ஜெக்ட். பழைய புரோகிராம் அழைத்தால் டிஃபால்ட் குரூப், அதனால் கால் லெவல். புதிய மாடலான ஐஎல்இ புரோகிராம் தனி குரூப்பிலிருந்து அழைத்தால் அதன் குரூப், அதனால் குரூப் முழுக்க. காலையில் பேட்ச் ஜாபில் ஒரு மாதிரி, மதியம் மெனுவிலிருந்து வேறு மாதிரி. பிழை வந்தது என்று டிக்கெட் வரும், நீங்கள் ஓட்டிப் பார்த்தால் வராது, மூடிவிடுவீர்கள், மறுபடி வரும்.

என் கட்சி இதில் கறாரானது. அந்த டிஃபால்ட்டை நம்பக் கூடாது. 'ஸ்டார் கால்லெவல்' வேண்டுமென்றால் அதை எழுதுங்கள். குரூப் முழுக்க வேண்டுமென்றால், எந்த குரூப் என்று பெயர் வைத்து, தெரிந்தே செய்யுங்கள். பாராமீட்டரைக் காலியாக விடுவது, முடிவை ஆறு வருஷம் கழித்து யாரோ அடிக்கப் போகும் கம்பைல் கட்டளைக்கு விட்டுவிடுவது.

மூத்தவர், ராணிப்பேட்டை

கே: எங்கள் காலத்தில் ஆக்டிவேஷன் குரூப் எல்லாம் இல்லை. நிம்மதியாக இருந்தோம்.

ப: 1993-94 வரை நிம்மதிதான். அப்போது ஐஎல்இ வந்தது, பின்னாலேயே ஆர்பிஜி ஃபோர் வந்தது. ஓவர்ரைடு அதற்கு முந்தைய சிஸ்டம்/38 காலத்துச் சரக்கு. அன்று புரோகிராம் புரோகிராமை அழைக்கும், கால் ஸ்டேக் ஒரு ஏணி, அவ்வளவுதான். ஐஎல்இ வந்ததும் ஒரே ஜாபுக்குள் தனித்தனி அறைகள் கட்டினார்கள், பழைய ஏணியையும் எடுக்கவில்லை. ஓவர்ரைடுக்கு இரண்டையும் சமாளிக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் அந்த நிம்மதிக் காலத்தில் நீங்கள் எழுதிய சில புரோகிராம்களை நான் பார்த்திருக்கிறேன், ஐயா. நிம்மதி உங்களுக்குத்தான் இருந்தது.

குழம்பியவர், தரமணி

கே: மேலே இருக்கும் புரோகிராம் 'விற்பனை'க்கு ஜனவரி மெம்பர் என்று ஓவர்ரைடு போடுகிறது. அது அழைக்கும் என் புரோகிராம் பிப்ரவரி மெம்பர் என்று போடுகிறது. கடைசியாகச் சொன்னது நான். ஆனால் ஜனவரி திறக்கிறது! சிஸ்டத்தில் பிழையா?

ப: பிழை இல்லை. இது கூட்டுக்குடும்ப நியாயம்: வீட்டில் பெரியவர் ஒன்று சொல்லியிருந்தால் சின்னவர் பிறகு சொல்வது எடுபடாது. சிஸ்டம் முதலில் உங்கள் லெவலில் இருப்பதை எடுத்துக்கொள்ளும், பிறகு ஒவ்வொரு படியாக மேலே ஏறும். ஏறும்போது அதே பாராமீட்டர் மறுபடி வந்தால், மேலே உள்ளது கீழே உள்ளதை அழித்து உட்கார்ந்துகொள்ளும். ஒரே லெவலுக்குள் மட்டும்தான் கடைசியாகச் சொன்னது ஜெயிக்கும்; அங்கே புதியது பழையதைத் தூக்கிப் போட்டுவிடும். முரண்படாத பாராமீட்டர்கள் ஒன்றாகச் சேரும்: மேலே மெம்பர், கீழே ஷேர் என்றால் இரண்டும் செல்லும்.

கேட்டால் தலைகீழ் மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆனால் இதற்கு ஒரு காரணம் உண்டு. ஓவர்ரைடின் நோக்கமே, உள்ளே இருக்கும் புரோகிராமைத் தொடாமல், கம்பைல் செய்யாமல், வெளியிலிருந்து அதன் போக்கை மாற்றுவது. உள்ளே இருப்பவர் சொல்வதே எப்போதும் ஜெயிக்கும் என்றால் வெளியிலிருந்து யாராலும் மாற்ற முடியாது.

'இல்லை, என் புரோகிராமுக்குப் பிப்ரவரிதான் வேண்டும், எவர் என்ன சொல்லியிருந்தாலும் சரி' என்றால், அதற்குத்தான் 'செக்யூர் ஸ்டார் யெஸ்' இருக்கிறது. உங்கள் ஓவர்ரைடில் அதைப் போட்டால், சிஸ்டம் அதற்கு மேலே ஏறிப் பார்க்காது. மேலே உள்ளவர்கள் போட்ட எந்த ஓவர்ரைடும் அந்த ஃபைலைத் தொடாது. பிப்ரவரி, பிப்ரவரியாகவே திறக்கும். பணம் போகும் இடம், பேரேட்டில் எழுதும் இடம், ஆடிட் பதிவு எழுதும் இடம் ஆகிய இந்த மூன்றிலும் நான் யோசிக்காமல் செக்யூர் போடுவேன். அறிக்கைப் புரோகிராமில் போடமாட்டேன். நாளைக்கு யாராவது அதைச் சோதனை லைப்ரரிக்குத் திருப்ப வேண்டியிருக்கும், அப்போது என்னைத் திட்டுவார்கள்.

அதே குழம்பியவர், அதே தரமணி

கே: இன்னொன்று. நான் 'விற்பனை'யை 'விற்பனை2' என்று வேறு பெயருக்குத் திருப்பினால்? அப்போதும் பெரியவர்தானா?

ப: நீங்கள் பெயரையே மாற்றிவிட்டால், அதற்கு மேல் சிஸ்டம் 'விற்பனை2'வைத் தேடிக்கொண்டு ஏறும். மேலே 'விற்பனை'க்குச் சொன்னது கண்ணில் படாது. மேலே யாராவது 'விற்பனை2'வை 'விற்பனை3' என்று திருப்பியிருந்தால், உங்கள் புரோகிராம் மூன்றைத் திறக்கும். இரண்டு கேள்விக்கு மேல் ஒருவருக்கு இடமில்லை, குழம்பியவரே.

மாடுலர் மனிதர், போரூர்

கே: ஓவர்ரைடு போடும் வேலையை ஒரே இடத்தில் வைக்கலாம் என்று ஒரு சர்வீஸ் புரோகிராமில் தனி புரொசீஜர் எழுதினேன். லைப்ரரி பெயரையும் ஃபைல் பெயரையும் கொடுத்தால், கியூசிஎம்டிஎக்ஸ்சி வழியாக ஓவர்ரைடு போட்டுத் திரும்பும். குழப்பம் வேண்டாம் என்று உங்களைப் போன்றவர்கள் பேச்சைக் கேட்டு 'ஸ்டார் கால்லெவல்' என்றும் எழுதினேன். ஓவர்ரைடே வேலை செய்யவில்லை. பதில் சொல்லுங்கள்.

ப: வேலை செய்தது. நீங்கள் பார்க்கும் முன் போய்விட்டது. ஐஎல்இ-யில் புரோகிராம்கள் மட்டுமல்ல, ஒவ்வொரு புரொசீஜரும் கால் ஸ்டேக்கில் ஒரு படி. கியூசிஎம்டிஎக்ஸ்சி வழியாகப் போட்ட ஓவர்ரைடு, அதை அழைத்தவரின் லெவலில் உட்காரும். அழைத்தது யார்? உங்கள் அழகான புரொசீஜர். அது ரிட்டர்ன் ஆனதும் அந்தப் படி போய்விடும், கூடவே ஓவர்ரைடும். ஃபைலைத் திறக்கப் போகிற மெயின் புரோகிராம் வரும்போது அங்கே ஒன்றும் இருக்காது.

அதே புரொசீஜரில் ஸ்கோப்பை ஆக்டிவேஷன் குரூப் என்று வைத்தால் ஓவர்ரைடு தங்கும். சர்வீஸ் புரோகிராம் 'ஸ்டார் காலர்' என்று உருவாக்கப்பட்டிருந்தால், அழைத்த புரோகிராமின் குரூப்பிலேயே ஓடும், ஓவர்ரைடும் அங்கேயே நிற்கும். சர்வீஸ் புரோகிராமுக்கு என்று தனியாகப் பெயரிட்ட குரூப் இருந்தால், ஓவர்ரைடு அந்தத் தனி குரூப்பில் உட்கார்ந்துவிடும், உங்கள் மெயின் புரோகிராமுக்குத் தெரியவே தெரியாது. ஆக ஒரே புரொசீஜருக்கு மூன்று விதி. இதைப் பொதுவான புரொசீஜர் ஆக்கிப் பத்துப் பேருக்குக் கொடுப்பதைவிட, ஃபைலைத் திறக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஓவர்ரைடு போடுவது மேல். இன்னும் மேலான வழி ஒன்று உண்டு, கீழே சிட்லபாக்கத்துக்காரர் கேட்டிருக்கிறார்.

நள்ளிரவு சப்போர்ட், பெருங்குடி

கே: அமெரிக்கக் கிளையண்ட். ஒரு பயனர் மெனுவில் 7-ஐ நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் சரியான கணக்கு வருகிறது. முதலில் 3-க்குப் போய்விட்டு 7-க்கு வந்தால் தவறான கணக்கு. சைன் ஆஃப் செய்து வந்தால் மறுபடி சரி. 7-இல் ஓவர்ரைடே இல்லை. எனக்குத் தூக்கமும் இல்லை.

ப: 7-இல் இல்லை, 3-இல் இருக்கிறது. 3-ஐயும் 7-ஐயும் கம்பைல் செய்தவர்கள் டிஃபால்ட் குரூப் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எந்த குரூப் என்று எழுதாமல் விட்டிருப்பார்கள். அப்படி விட்டால் சிஸ்டம் கொடுக்கும் பெயர் கியூஐஎல்இ. பெயர் வைக்கச் சோம்பல்பட்ட எல்லோருடைய புரோகிராமும் அந்த ஒரே குரூப்பில் வந்து குவியும். 3 அங்கே ஒரு ஓவர்ரைடைப் போட்டது, வேலை முடிந்து திரும்பியது, எல்ஆர்-ஐயும் ஆன் செய்தது. எல்ஆர் ஆன் ஆனால் புரோகிராம்தான் முடியும், ஆக்டிவேஷன் குரூப் முடியாது. பெயரிட்ட குரூப், ஜாப் முடியும்வரை அல்லது யாராவது ஆர்சிஎல்ஆக்ட்ஜிஆர்பி கட்டளையால் கலைக்கும்வரை உயிரோடு இருக்கும். பயனர் 7-ஐத் தட்டும்போது அதே குரூப், அதே ஃபைல் பெயர், 3 விட்டுச் சென்ற ஓவர்ரைடு.

நிரூபிக்க வேண்டுமா? அந்தப் பயனர் தவறான கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டபிள்யூஆர்கேஜாப் எடுத்து 15-ஆவது ஆப்ஷனைத் தட்டுங்கள். ஓவர்ரைடுகள் பட்டியல் வரும். 14-ஐத் தட்டினால் திறந்திருக்கும் ஃபைல்கள். எந்த லைப்ரரியில் எந்த மெம்பர் என்று அங்கே பச்சையாகத் தெரியும். 11-இல் கால் ஸ்டேக். மூன்று திரையையும் படம் பிடித்து மெயிலில் போட்டால் விவாதத்துக்கு இடமிருக்காது.

திருத்த, 3-இல் ஸ்கோப்பைக் கால் லெவல் என்று மாற்றுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஆர்சிஎல்ஆக்ட்ஜிஆர்பி அடித்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும். அந்த குரூப்பில் ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் மற்றப் புரோகிராம்களுக்கும் அது சங்கு ஊதும். தூங்கி எழுந்து 3-ஐத் திருத்துங்கள்.

எதிர்த்திசை, மதுரை

கே: எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. ஐஎல்இ சிஎல்-இல் ஓவர்ரைடு போட்டு, 1991-இல் எழுதிய ஆர்பிஜி/400 புரோகிராமை அழைக்கிறேன். அது ஓவர்ரைடை மதிக்கவே இல்லை.

ப: அது மரியாதை தெரியாத புரோகிராம் இல்லை, பக்கத்து அறையில் இருக்கிறது. பழைய மாடல் புரோகிராம்கள் டிஃபால்ட் ஆக்டிவேஷன் குரூப்பில்தான் ஓடும். உங்கள் சிஎல் வேறு குரூப்பில். குரூப் அளவில் போட்ட ஓவர்ரைடு, அந்த குரூப்பிலிருந்து திறக்கும் ஃபைலுக்கு மட்டும். கால் லெவல் ஓவர்ரைடுக்கு இந்தச் சுவர் கிடையாது. கீழே அழைக்கப்படுபவர் எந்த குரூப்பில் இருந்தாலும் எட்டும். ஸ்கோப்பை 'ஸ்டார் கால்லெவல்' என்று எழுதுங்கள், 1991 வழிக்கு வரும்.

சர்வரோக நிவாரணி, திருச்சி

கே: இத்தனை வம்பு எதற்கு? எல்லாவற்றுக்கும் 'ஸ்டார் ஜாப்' போட்டுவிட்டால்?

ப: உங்கள் வம்பு தீரும். அந்த ஜாபில் ஓடும் மற்ற எல்லோருக்கும் ஆரம்பிக்கும். சிஸ்டம் ஏறிப் பார்க்கும் ஏணியில் ஜாப் லெவல்தான் கடைசிப் படி. மேலே சொன்ன பெரியவர் நியாயத்தில் அவரே குடும்பத் தலைவர். ஜாப் முடியும்வரை அல்லது நீங்களே ஞாபகமாக அழிக்கும்வரை இருப்பார். ஞாபகம் என்று சொன்னேன் பாருங்கள், அங்கேதான் எல்லாம் போகிறது.

சுத்தக்காரர், வேளச்சேரி

கே: நான் ஒழுங்கானவன். புரோகிராம் முடியும்போது டிஎல்டிஓவிஆர் போட்டு, ஃபைல் 'ஸ்டார் ஆல்' என்று எல்லாவற்றையும் துடைத்துவிடுவேன். சரிதானே?

ப: உங்கள் வீட்டைத் துடைத்தால் சரி. டிஎல்டிஓவிஆர்-க்கும் லெவல் உண்டு. எழுதாவிட்டால் அங்கேயும் அதே 'ஆக்டிவேஷன் குரூப்பைப் பார்த்து' தான். பொதுவான குரூப்பில் ஓடிக்கொண்டு 'ஸ்டார் ஆல்' என்றால், உங்களை அழைத்தவர் அந்த குரூப் அளவில் போட்டு வைத்த ஓவர்ரைடுகளும் சேர்ந்து போகும். நீங்கள் திரும்பிய பிறகு அவர் திறக்கும் ஃபைல், சோதனை லைப்ரரிக்குப் பதிலாக உண்மை லைப்ரரியில் திறக்கும். ஒழுங்கானவர்களால் வரும் விபத்து இது; கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் யாரும் உங்களைச் சந்தேகப்பட மாட்டார்கள். நீங்கள் போட்ட ஃபைலின் பெயரைச் சொல்லி, போட்ட அதே லெவலில் அழியுங்கள்.

தப்பான லெவலில் தேடினால் சிபிஎஃப்9841 வரும்: சொன்ன லெவலில் ஓவர்ரைடு இல்லை. பலர் அதன் கீழே மான்எம்எஸ்ஜி போட்டு விழுங்கிவிடுகிறார்கள். அந்த மெஸேஜ் உங்களிடம் ஒரு உண்மையைச் சொல்ல வருகிறது; வாயை அடைக்காதீர்கள். (சிபிஎஃப் என்ற முன்னெழுத்து சிஸ்டம்/38-இன் இயங்குதளமான கண்ட்ரோல் புரோகிராம் ஃபெசிலிட்டியின் எச்சம். இயந்திரம் போனாலும் அதன் திட்டுகள் நிலைத்துவிட்டன.)

இரண்டாம் முறை, நாகர்கோவில்

கே: முதல் தடவை அழைத்தபோது ஓவர்ரைடு வேலை செய்தது. வேறு மெம்பருக்கு ஓவர்ரைடு போட்டு மறுபடி அழைத்தேன், பழைய மெம்பரையே படிக்கிறது. ஸ்கோப் எல்லாம் சரி.

ப: ஸ்கோப் சரி, ஃபைல் திறந்தே இருக்கிறது. உங்கள் ஆர்பிஜி, எல்ஆர் இல்லாமல் வெறும் ரிட்டர்ன் செய்கிறது. அடுத்த அழைப்பில் அது ஃபைலைத் திறப்பதில்லை, திறந்திருப்பதையே தொடர்கிறது. ஓவர்ரைடு பார்க்கப்படுவது திறக்கும்போது மட்டும். யூஎஸ்ஆர்ஓப்பன் என்று ஃபைலை அறிவித்து, நீங்களே திறந்து நீங்களே மூடுங்கள். ஷேர் செய்த ஃபைலாக இருந்தால் மேலே வேறு யாரோ திறந்து வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அப்படியென்றால் நீங்கள் புதிதாகத் திறப்பதாக நினைப்பது, அவர்கள் திறந்ததில் ஒட்டிக்கொள்வது.

தத்துவவாதி, கும்பகோணம்

கே: வாழ்க்கையில் ஓவர்ரைடு போட முடியுமா?

ப: போடலாம். ஏற்கெனவே திறந்த ஃபைலுக்குச் செல்லாது.

கை நடுங்குபவர், கிண்டி

கே: கமாண்ட் லைனில் வாடிக்கையாளர் ஃபைலை என் சோதனை லைப்ரரிக்கு ஓவர்ரைடு போட்டேன். சோதனையை மறுபடி தொடங்க அந்த ஃபைலைக் காலி செய்ய வேண்டும். சிஎல்ஆர்பிஎஃப்எம் அடிக்கலாமா?

ப: நிறுத்துங்கள். விரலை எடுங்கள். எண்டர் தட்டவில்லையே?

சிஎல்ஆர்பிஎஃப்எம் கட்டளை ஓவர்ரைடைப் பார்க்கவே பார்க்காது. லைப்ரரி பெயர் சொல்லாமல் அடித்தால் லைப்ரரி லிஸ்டில் முதலில் கிடைக்கும் ஃபைலைக் காலி செய்யும். உங்கள் லிஸ்டில் முதலில் இருப்பது உண்மை லைப்ரரியாக இருந்தால், வாடிக்கையாளர்கள் ஒருவர் விடாமல் போய்விடுவார்கள். டிஎல்டிஎஃப்-உம் அப்படியே. ஃபைலுக்குள் இருக்கும் ரெக்கார்டைப் படிக்கும், எழுதும் புரோகிராம்கள் ஓவர்ரைடை மதிக்கும். ஃபைல் என்ற பொருளையே கையாளும் கட்டளைகளில் பல மதிக்காது. சிபிஒய்எஃப் மதிக்கும் என்பதால் எல்லாம் மதிக்கும் என்று ஒரு தைரியம் வந்துவிடுகிறது. அந்தத் தைரியம்தான் ஆளை முடிப்பது. காலி செய்யும் கட்டளையில் லைப்ரரி பெயரை முழுதாக எழுதுங்கள், ஓவர்ரைடு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன். கமாண்ட் லைனில் போட்ட ஓவர்ரைடு, அந்தக் கமாண்ட் திரை கால் ஸ்டேக்கில் இருக்கும்வரை இருக்கும். சோதனை முடிந்தது என்று அங்கிருந்தே உண்மை மெனுவுக்குப் போய்விடாதீர்கள். டிஎஸ்பிஓவிஆர் அடித்துப் பாருங்கள். அதில் எம்ஆர்ஜிஓவிஆர் பாராமீட்டரை 'ஸ்டார் நோ' என்று வைத்தால் ஒவ்வொரு லெவலிலும் யார் என்ன சொன்னார்கள் என்று தனித்தனியாகக் காட்டும். 'ஸ்டார் யெஸ்' என்றால் எல்லாம் சேர்ந்து கடைசியில் என்ன ஆகும் என்று காட்டும். குற்றவாளியைத் தேட முதலாவது, தண்டனையைத் தெரிந்துகொள்ள இரண்டாவது.

அவசரக்காரர், ஓசூர்

கே: புதிய ஃபைலுக்கு ஓவர்ரைடு போட்டால் சிபிஎஃப்4131 லெவல் செக் என்று விழுகிறது. ஓவர்ரைடிலேயே லெவல் செக் வேண்டாம் என்று போட்டால் ஓடுகிறது. பரவாயில்லைதானே?

ப: ஓடுவது வேறு, சரியாக ஓடுவது வேறு. புரோகிராம் கம்பைல் ஆனபோது பார்த்த ரெக்கார்டு வடிவமும் இப்போது திறக்கும் ஃபைலின் வடிவமும் ஒன்றில்லை என்று சிஸ்டம் எச்சரிக்கிறது. எச்சரிக்கையை அணைத்தால், தொகை இருக்க வேண்டிய இடத்தில் தேதியைப் படிக்கும். கம்பைல் செய்யுங்கள்.

எளிமை விரும்பி, சிட்லபாக்கம்

கே: ஒரே ஒரு ஆர்பிஜி புரோகிராம், ஒரே ஒரு ஃபைலை, வேறு லைப்ரரியிலிருந்து திறக்க வேண்டும். அதற்கும் ஓவர்ரைடுதானா?

ப: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். வேண்டவே வேண்டாம். ஆர்பிஜியிலேயே எக்ஸ்ட்ஃபைல் என்று ஒரு கீவேர்டு இருக்கிறது. ஒரு வேரியபிளில் 'லைப்ரரி/ஃபைல்' என்று போட்டு, யூஎஸ்ஆர்ஓப்பன் வைத்து, ஓப்பன் செய்தால் அந்த ஃபைல் திறக்கும். மெம்பர் வேண்டுமென்றால் எக்ஸ்ட்எம்பிஆர். இதன் விளைவு அந்த ஒரு அறிவிப்போடு சரி. கீழே அழைக்கப்படும் புரோகிராமுக்குத் தெரியாது, மேலே திரும்பியபின் தங்காது, அழிக்க ஒன்றும் இல்லை. வேரியபிளுக்கு மட்டும் ஓப்பனுக்கு முன்னால் மதிப்பு வந்துவிட வேண்டும்.

இதிலும் ஒரு நுணுக்கம்: எக்ஸ்ட்ஃபைலில் நீங்கள் சொன்ன ஃபைல் பெயருக்கு மேலே யாராவது ஓவர்ரைடு போட்டிருந்தால், அது செல்லும். எக்ஸ்ட்ஃபைல் நீங்கள் பிறரைத் தொந்தரவு செய்யாமல் காக்கும். பிறர் உங்களைத் தொந்தரவு செய்யாமல் காக்க, கால் லெவலில் ஒரு செக்யூர் ஓவர்ரைடுதான். புதிதாக எழுதும் புரோகிராமில் எக்ஸ்ட்ஃபைலை முதலில் யோசியுங்கள். தொட முடியாத பழைய புரோகிராமுக்கு, அல்லது சோர்ஸ் எங்கே என்றே தெரியாத ஆப்ஜெக்ட்டுக்கு, ஓவர்ரைடை விட்டால் கதியில்லை.

எஸ்கியூஎல் கட்சி, டொராண்டோ

கே: ஆர்பிஜி ஃபைல் அறிவிப்பெல்லாம் பழங்கதை. எம்பெடெட் எஸ்கியூஎல்-இல் மெம்பரைத் தேர்ந்தெடுக்க என்ன செய்வது?

ப: ஓவர்ரைடை எஸ்கியூஎல்-உம் பார்க்கும், ஆனால் அரைகுறையாக. எந்த ஃபைல், எந்த மெம்பர் போன்ற சிலவற்றை எடுத்துக்கொள்ளும். ஷேர் போன்றவற்றைக் கண்டுகொள்ளாது. அங்கே நல்ல வழி, அலையஸ். 'இந்தப் பெயர், அந்த ஃபைலின் அந்த மெம்பர்' என்று கிரியேட் அலையஸ் போட்டு, அந்தப் பெயரையே டேபிள் போலப் பயன்படுத்துங்கள். அலையஸைக் கியூடெம்ப்பில் வைத்தால் அந்த ஜாபோடு முடிந்துவிடும். கியூடெம்ப் ஒவ்வொரு ஜாபுக்கும் தனி. பொது லைப்ரரியில் வைத்தால் எல்லோரும் பார்ப்பார்கள், அது உங்களுக்கு வேண்டுமா என்று யோசியுங்கள்.

பேட்ச் பாபு, ஈரோடு

கே: ஓவர்ரைடு போட்டுவிட்டு எஸ்பிஎம்ஜாப் செய்தால் அந்த ஜாபுக்கும் போகுமா?

ப: போகாது. அந்தப் புதிய ஜாபிலேயே ஒரு சிஎல்-ஐ அழைத்து அதற்குள் போடுங்கள்.

நவீனமயமாக்குபவர், சோழிங்கநல்லூர்

கே: பழைய சிஎல் சோர்ஸ்களை ஐஎல்இ-க்கு மாற்றுகிறோம். ஒரு புரோகிராம் ஓவர்ரைடு போட்டு, டிஎஃப்ஆர்சிடிஎல் மூலம் அடுத்ததற்குக் கட்டுப்பாட்டை மாற்றுகிறது. அந்தக் கட்டளை ஐஎல்இ சிஎல்-இல் இல்லை. கால் போட்டு அடுத்த வரியில் ரிட்டர்ன் போட்டோம். பெரும்பாலும் ஓடுகிறது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் மெம்பர் மாறுகிறது.

ப: அந்த ஒரு இடத்தில் இரண்டாவது புரோகிராமும் அதே ஃபைலுக்கு ஓவர்ரைடு போடுகிறது, பாருங்கள். டிஎஃப்ஆர்சிடிஎல்-இல் முதல் புரோகிராம் ஸ்டேக்கிலிருந்து விலகி, இரண்டாவது அதே லெவலில் வந்து உட்காரும். முதலாவது போட்ட ஓவர்ரைடு அந்த லெவலிலேயே தங்கியிருக்கும். ஒரே லெவல் என்பதால் இரண்டாவது போட்டது முதலாவதைத் தூக்கிப் போட்டது. கடைசியாகச் சொன்னவர் ஜெயித்தார். இப்போது கால் ஆக்கிவிட்டீர்கள். இரண்டாவது ஒரு படி கீழே போய்விட்டது, முதலாவது மேலே நிற்கிறது, அதனால் முதலாவது சொன்ன மெம்பர் ஜெயிக்கிறது. தரமணிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள், அதே கதை.

கால் போடும் முன் முதல் புரோகிராமில் அந்த ஓவர்ரைடை அழியுங்கள், அல்லது இரண்டாவதில் செக்யூர் போடுங்கள். நான் முதலாவதைத்தான் செய்வேன். இரண்டு புரோகிராமிலும் ஸ்கோப்பை எழுதவும் செய்யுங்கள். ஐஎல்இ-க்கு மாறும் இந்த வேளையில் அந்த டிஃபால்ட் உங்களுக்குத் தெரியாமல் அர்த்தம் மாறியிருக்கலாம்.